கோஸ்தான் இல்லாத படகு

துவைக்கிற மெஷின் தேடப் போய்த்தான் நான் படகு வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும், "அந்தக்கா பெட்ரோல் போட் வாங்குச்சே, தெரியுமா?" என்று ஆரம்பித்துப் பாயாசம் வரும்வரை சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் ஒருத்தராவது என் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் கப்பலே வாங்கியிருப்பார்கள். இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் லோரி டிரைவர். கல்யாணமான காலத்தில் கோல சிலாங்கூர் பக்கத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றினார். பிறகு வடக்கே பினாங்கு, தெற்கே ஜொகூர் என்று நெடுந்தூர ஓட்டம். வாய் ஓயாத மனிதர். வீட்டில் இருக்கும் நாளில் சாம்பாரில் உப்பு, வாசலில் செருப்பு, டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் தலைமுடி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பார். நான் கார் ஓட்டினால் போதும், முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்ச விடு, கண்ணாடியப் பாரு, மூணு போடு" என்று வீடு திரும்பும்வரை ஓதிக்கொண்டே வருவார். "இறங்கி நடந்து வாங்க" என்று நான் நடுரோட்டில் காரை நிறுத்தியதும் உண்டு.

அப்புறம் இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, பல வருஷமாக உள்ளே உட்கார்ந்திருந்தது, வலது காலில் புண்ணாக வெளியே வந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். கண்ணும் மங்கியது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். லோரிச் சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழவில்லை. எது கேட்டாலும் "ம்". சோறு போடவா? "ம்". சோறு வேண்டாமா? "ம்". ஆஸ்பத்திரிக்கு மட்டும் காரில் வருவார், அதுவும் பின் சீட்டில். முன்னால் வந்து உட்காருங்கள் என்றால் காதில் விழாத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். நான் முன்னால் தனியாக, டாக்சிக்காரி மாதிரி ஓட்டிப்போவேன்.

புண் ஆறிவிட்டது. ஆனாலும் மனிதர் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் பெண் ஒருத்தி, "அங்கிள், நடக்கணும். இப்படியே உக்காந்திருந்தா அடுத்த காலும் போயிரும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் அவளுக்கும் ஒரு "ம்" கொடுத்தார். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்டி, எப்படியாச்சும் அவர வெளியில கொண்டு போங்க" என்றாள். எப்படியாச்சும் என்றால் எப்படி? நானும் ரவாங்கில் கையுறை ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே ஊழியத்தை முடித்தவள்தான். ஒரு ஷிஃப்ட் பெண்களையே மேய்த்தவளுக்கு இந்த ஒரு ஆளை நாற்காலியிலிருந்து கிளப்ப முடியவில்லை. கோவில் என்றேன், பசார் மாலாம் ராத்திரிச் சந்தை என்றேன், மகள் வீடு என்றேன். ம், ம், ம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆத்திரத்துக்கு அடியில் பயம் இருந்தது. சண்டை போட ஆளில்லாத வீடு எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் மத்தியானம் டிவியில் ஏதோ படம். கார் துரத்திக்கொண்டு போகிறது. நான் கீழே உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். தற்செயலாக அவர் காலைப் பார்த்தேன். டிவியில் கார் முச்சந்திக்கு வருகிறது, இவர் வலது கால் தரையை அழுத்துகிறது. பிரேக் போடுகிறார்! கார் வளைகிறது, நாற்காலிக் கையில் கிடந்த இரண்டு கையும் கொஞ்சமாகத் திரும்புகின்றன. முகம் மட்டும் கல்லு மாதிரி. நான் நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

அந்த வாரமே எங்கள் துவைக்கிற மெஷின் நின்றுபோனது. பழைய மெஷின் ஏதாவது கிடைக்குமா என்று கைப்பேசியில் விற்பனைப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். மெஷின், மெஷின், மேசை, பூனை, மெஷின், அப்புறம் ஒரு சிவப்புப் படகு. ரிமோட்டில் ஓடுகிற படகு, பெட்ரோல் இஞ்சின், பழையது, கோல சிலாங்கூரில் பார்க்கலாம். அதைத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பக்கத்தில் ரிமோட்டின் படமும் இருந்தது. துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. அதன் பக்கவாட்டில் குட்டியாக ஒரு ஸ்டியரிங்.

மறுநாளே கிளம்பினேன். வீட்டுக்காரரிடம் மெஷின் பார்க்கப் போவதாகச் சொன்னேன். "ம்" என்றார்.

விற்கிறவர் சாப்பாட்டுக்கடை பாய். கோல சிலாங்கூர் குன்றுக்குக் கீழே, குரங்குகள் வந்து வாழைப்பழம் திருடுகிற வரிசையில் கடை. தாத்தா தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்தவராம். "எங்க பரம்பரையே கடல் பரம்பரை, தங்கச்சி" என்றார். படகு எங்கே என்றால் ஐஸ்பெட்டிக்கு மேலே, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை நீளம் இருக்கும். இறக்கித் துடைத்தார். மீன் கறி வாடை அடித்தது.

"ஏன் பாய் விக்கிறீங்க?"

"உங்க அண்ணி சொல்லிட்டா. வீட்டுல ஒண்ணு இந்த போட் இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்னு."

"அப்புறம்?"

"ரெண்டு வாரம் யோசிச்சேன்."

கல்லாவில் இருந்த அம்மா தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார். பாய் சட்டென்று படகின் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தோட்டத்தில் புல் வெட்டுகிற மெஷினில் இருக்கிற அதே மாதிரி இஞ்சின். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். இஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பெரிய வித்தையா? எங்கள் லயத்துக்குப் பின்னால் விடிந்தால் இந்தச் சத்தம்தான்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. இஞ்சின் சத்தத்தக் கேக்காம நான் எதையும் வாங்க மாட்டேன்" என்றேன்.

கடைக்குப் பின்னால் மங்கு, தட்டு கழுவுகிற இடத்தில் தாங்கியில் வைத்து, பைப்பு ரப்பரை எடுத்துப் படகின் குளிர்த்தண்ணீர்க் குழாயில் சொருகி, பாய் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அடேயப்பா! கடை முழுக்க அதிர்ந்தது. ரொட்டி சானாய் போடுகிறவர் மேலே வீசிய மாவைப் பிடிக்க மறந்துவிட்டார். படகின் விலாவில் இருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் நேராகப் பீச்சியடித்து, பின்கதவு ஓரமாக உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முதுகை நனைத்தது. அவர் எழுந்து மலாயில் ஏசினார், பாய் மலாயில் மன்னிப்புக் கேட்டார், கல்லா அம்மா தமிழில் பாயை ஏசினார். எனக்கு அந்தப் படகை மிகவும் பிடித்துப்போனது.

பிடித்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேல்முனையில் பல் பதிந்திருந்தது. "என்ன பாய், யாரு கடிச்சது?" என்றேன். ஒரு நாள் குரங்கு ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டதாம், ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து மீட்டாராம். "குரங்கு கடிச்ச சாமானுக்கு இந்த விலையா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். பாய் அல்லாவைக் கூப்பிட்டார், நான் மாரியாத்தாவைக் கூப்பிட்டேன். கடைசியில் கல்லா அம்மாவே, "அந்தத் தங்கச்சி கேக்குற விலைக்குக் குடுங்க, இல்லன்னா நானே எடுத்து ஆத்துல போட்டுருவேன்" என்று தீர்ப்புச் சொன்னார். பாய் ஒரு டின் எண்ணெயையும், மனசு கேட்காமல் ஒரு பொட்டலம் கோழிப் பிரட்டலையும் சேர்த்துக் கொடுத்தார். படகைக் காரில் ஏற்றும்போது அதன் மூக்கைத் தடவினார், பாவம்.

காரின் பின் சீட்டில் அது பொருந்தவில்லை. முன் சீட்டை நன்றாகச் சாய்த்து, மல்லாக்கப் படுக்க வைத்த மாதிரி நீட்டி வைத்து, சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். ஈஜோக் சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த பெண்மணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலை ஏற்றிக்கொண்டாள்.

வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்தேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"என்னது?"

"போட்."

"மெஷின் வாங்கல?"

"இதும் மெஷின்தான்."

"யாருக்கு?"

உங்களுக்கு என்று சொன்னால் அந்தப் படகு செத்துப்போன மாதிரிதான், அது எனக்குத் தெரியும். "எனக்கு. ரிட்டையர் ஆயிட்டேன்ல, எனக்கும் பொழுது போகணும்" என்றேன்.

"ம்" என்று டிவிக்குத் திரும்பிவிட்டார். சனியன் பிடித்த "ம்". நான் விடவில்லை. வாசலில் உட்கார்ந்து, ரிமோட்டைக் குரங்கு கடித்த கதைவரை அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் பேசிக்கொண்டே பெட்ரோலில் எண்ணெய் கலந்தேன். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். வேண்டுமென்றேதான். வாடை ஹாலுக்குள் போனது.

"ஆயிலு கூடிப் போச்சு."

நான் காது கேளாத மாதிரி இருந்தேன்.

"ஏய், ஒன்னத்தான். ஆயிலு கூடிப் போச்சுங்கிறேன். பொகை அடிச்சுச் சாவும்."

"எனக்குத் தெரியும். நாளைக்குக் குட்டைக்குக் கொண்டு போறேன்."

"பூஜை போட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். ஆள் நாற்காலியில் நிமிர்ந்திருந்தார்.

"பொம்மைக்கு எதுக்குங்க பூஜை?"

"இஞ்சின் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"பெட்ரோல் குடிக்குதா இல்லையா?"

"குடிக்குது."

"அப்ப வண்டிதான். அதும் செகன்ட் ஹேண்ட் வண்டி. முன்ன வச்சிருந்தவன் எத இடிச்சானோ, யாரு கண்ணு பட்டுச்சோ. பூஜை போடாத வண்டிய நான் இந்த வீட்டு வாசலத் தாண்ட விட்டதில்ல." பல மாதங்களுக்குப் பிறகு அந்த வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை ஒன்றாக வந்தது. நான் பெட்ரோல் டின்னை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். வாழ்நாளெல்லாம் சாமி கும்பிட்ட எனக்கு, இந்த வழி தோன்றவே இல்லையே!

பத்தாங் பெர்ஜுந்தை போகிற வழியில், செம்பனைக் காட்டுக்கு நடுவே தோட்டத்து முனியாண்டி கோவில் இருக்கிறது. லோரிக்காரர்களுக்கெல்லாம் அதுதான் கோவில். புது லோரி, பழைய லோரி, புது டயர் மாட்டின லோரி என்று எல்லாம் அங்கேதான் பூஜைக்கு நிற்கும். மறுநாள் காலையில் போனோம். படகு முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, அவர் பின் சீட்டில் கைத்தடியோடு. பூசாரி இவரைப் பார்த்ததும், "என்னண்ணே, ஆளயே காணோம்!" என்று ஓடிவந்தார். காலைப் பார்த்தார், மேலே கேட்கவில்லை. "என்ன வண்டி?" என்று மட்டும் கேட்டார். நான் படகைத் தூக்கிவந்து சந்நிதிக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் வைத்தேன்.

பூசாரி ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "டயர் எங்க?"

"டயர் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"டயர் இல்லாம எலுமிச்சம்பழத்த எங்கண்ணே வைக்கிறது?"

நியாயமான கேள்வி. வண்டிப் பூஜை என்றால் டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கினால்தான் திருஷ்டி கழியும். இரண்டு ஆண்களும் நின்று யோசித்தார்கள். என் வீட்டுக்காரர் தடியால் சுட்டிக்காட்டி, "முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு. அடிவயித்துல வச்சுத் தள்ளுவோம்" என்று முடிவு சொன்னார். அப்படியே வைத்தார்கள். "தள்ளு" என்றார். நான் தள்ளினேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. உருண்டது. நான்கு பழத்தின்மேலும் படகு சொகுசாக ஏறிக்கொண்டு, கோவில் சரிவில் இறங்கி, எங்கள் மூவரையும் ஏமாற்றிவிட்டு ஓடி, முனியின் சிமெண்டுக் குதிரைக் காலில் போய் முட்டி நின்றது. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"நல்ல சகுனம்ணே. இஞ்சின் இல்லாமலே ஓடுது" என்றார் பூசாரி. பிறகு பழங்களைப் பொறுக்கிவந்து தன் குதிகாலாலேயே நசுக்கிவிட்டார்.

அர்ச்சனை யார் பேருக்கு என்று கேட்டபோது, "வாங்குனது அவ. அவ பேருக்குப் பண்ணு" என்று இவர் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. ஆனால் கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, இவர் பேர், இவர் நட்சத்திரம், இவர் வலது கால், எல்லாவற்றையும் முனியிடம் வரிசையாகச் சொல்லிவிட்டேன். யாருக்கான படகு என்று சாமிக்காவது தெரிய வேண்டும்.

அப்புறம்தான் பூசாரி மாலையைக் கொண்டுவந்தார். லோரிக்குப் போடுகிற செவ்வந்தி மாலை, நைலான் கயிற்றில் கட்டினது. படகின் மூக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியும், இரண்டு பக்கமும் தரைவரை தொங்கியது.

"ஐயா, இது தண்ணியில ஓடுறது. மாலை வேணாம்லா" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். பார்வை என்றால் அப்படி ஒரு பார்வை. "சாமி மாலை. அதுவா விழுற வரைக்கும் கழட்டக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். "ரவாங்லேர்ந்து ஜொகூர் வரைக்கும் காஞ்ச மாலையோட ஓட்டுனவன் நான். எனக்குச் சொல்றா." பூசாரி பலமாகத் தலையாட்டினார். வெளியே வந்த மனிதரிடம் வாதாடி மறுபடியும் "ம்"முக்கு அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. சரி என்றேன்.

அங்கிருந்து பக்கத்தில்தான் பழைய ஈயக்குட்டை. அந்தக் காலத்தில் ஈயம் தோண்டின பள்ளம், இப்போது ஏரி மாதிரி கிடக்கிறது. கரையோரமாக ஒரு மலாய்ப் பெரியவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார், வேறு யாருமில்லை. காரைப் புல்லில் நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் பின்கதவை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார்.

"வாங்க, நீங்க புடிங்க" என்று ரிமோட்டை நீட்டினேன்.

"நீதான வாங்குன? நீ ஓட்டு" என்றார். கண் மட்டும் அந்தக் குட்டி ஸ்டியரிங் மேலேயே இருந்தது.

கிடக்கட்டும் என்று நானே இறங்கினேன். கயிற்றை இழுத்தேன், பிடித்தது, புகை அடித்தது. எண்ணெய் கூடுதல், அவர் சொன்னது சரிதான். தண்ணீரில் விட்டு விசையை லேசாகத்தான் தொட்டேன். அது பறந்துவிட்டது. பொம்மை என்று எவன் சொன்னான்? குட்டை நடுவுக்குப் போய் என் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வட்டமடித்து நேராக என்னைப் பார்த்து வந்தது. நான் இடது பக்கம் திருப்புகிறேன், அது வலது பக்கம் போகிறது. வலது பக்கம் திருப்பினால் இடது. சாமி மாலை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி அடிக்கிறது.

"லெஃப்டுல ஒடி! லெஃப்டு!" என்று பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"லெஃப்டுதாங்க ஒடிக்கிறேன்!"

"ஒன் லெஃப்டு இல்லடி, வண்டியோட லெஃப்டு! நீ வண்டிக்குள்ள உக்காந்திருக்கன்னு நெனச்சுக்க! வேகத்தக் கொற! கொறங்கிறேன்ல!"

குறைத்தேன். வேகம் குறைந்ததும் மூக்கு தண்ணீரில் அமிழ்ந்தது, மாலை அடியில் போனது. ஒரு தரம் கரகரவென்று சத்தம். அவ்வளவுதான், இஞ்சின் நின்றுவிட்டது. கரையிலிருந்து எட்டாத தூரத்தில் படகு செவ்வந்திப் பூவுக்கு நடுவில் அசையாமல் மிதந்தது. கடலில் கரைக்கிற பிண்டம் மாதிரி இருந்தது என்று நினைத்தேன், வாயால் சொல்லவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. படகு போனால் போகிறது. இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்த மனிதர், "பாத்தியா, எல்லாம் இப்படித்தான்" என்று கதவைச் சாத்திக்கொண்டால் இனி நான் எந்தச் சாமானை வாங்கி இவரைக் கிளப்புவேன்? திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மலாய்ப் பெரியவர் தூண்டிலோடு வந்தார். பூவைப் பார்த்தார். "அச்சி, இந்தப் படகுக்குக் கல்யாணமா?" என்று மலாயில் கேட்டார், கிண்டல் இல்லாமல்தான். மலாய்க்காரர்கள் நம் பெண்களை அச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் கோவில் வழக்கம் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் தூண்டிலை வீசினார். முதல் வீச்சு தப்பியது. இரண்டாவதில் முள் மாலையின் நைலான் கயிற்றில் கொக்கிபோட்ட மாதிரி மாட்டியது. மாலை அறுந்துவிடும் என்று நான் பயந்தேன். லோரிக்குக் கட்டுகிற கட்டு, எங்கே அறும்? அவர் சுருட்டச் சுருட்ட, படகு தலையை ஆட்டிக்கொண்டு கரைக்கு வந்தது.

"கத்தி எடு" என்று என் காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

என் வீட்டுக்காரர் தண்ணீர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் செருப்பு முழுக்கச் சேறு. நான் காரைப் பார்த்தேன். பின்கதவு அகலத் திறந்து கிடக்கிறது, கைத்தடி சீட்டின் மேலேயே இருக்கிறது. புல்மேட்டைத் தாண்டி எப்படி வந்தார், எப்போது வந்தார், நான் பார்க்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவார் என்று கேட்கவுமில்லை. காரிலிருந்த அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கு வைத்திருந்த கத்தியை எடுத்துவந்து கொடுத்தேன். பின்னாலிருந்த காத்தாடித் தண்டில் நைலான் கயிறு நூல்கண்டு மாதிரி இறுகியிருந்தது. கண் மங்கின மனிதர், விரலாலேயே தடவித் தடவி அறுத்து எடுத்தார். கடைசிப் பூவையும் உதறிவிட்டு, முகத்தை மாற்றாமல் சொன்னார்: "மாலை அதுவா விழுந்துருச்சு. நான் கழட்டல."

"ஆமாங்க, அதுவாத்தான் விழுந்துச்சு."

"அதுவாத்தான. சாமி குடுத்த மாலை இல்லாட்டி தூண்டி எதுல மாட்டியிருக்கும்? யோசிச்சுப் பாரு."

மாலை இல்லாவிட்டால் படகு நின்றேயிருக்காது என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் கயிற்றை இழுத்தார், ஒரே இழுப்பு. கையை நீட்டினார். நான் ரிமோட்டை அதில் வைத்தேன்.

முதலில் மெதுவாகத்தான் எடுத்தார், குலை ஏற்றின லோரியைத் தோட்டத்து மண்பாதையில் எடுக்கிற மாதிரி. குட்டை நெடுக ஒரு ஓட்டம், வேகத்தை விட்டு ஒரு வளைவு, மறுபடி ஒரு ஓட்டம். நீர்க்கோழி ஒன்று குறுக்கே வர, அவர் வலது கால் சேற்றை அழுத்தியது. "ஹாரன் வைக்கலியே" என்று முணுமுணுத்தார். சிவப்பு நிறம் தண்ணீரில் நன்றாகத் தெரிகிறது என்றார். பெரியவரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தார், குட்டையில் என்ன மீன், எவ்வளவு ஆழம், அவர் எந்த ஊர். பாகான் நக்கோடா ஓமார் என்றார் பெரியவர். அந்த ஊருக்கு இவர் எந்த வருஷம், எந்த லோரியில், என்ன சாமான் ஏற்றிப்போனார் என்பது முழுக்க அவருக்குச் சொல்லப்பட்டது. வாய் மூடவே இல்லை. நான் புல்லில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த பாயின் கோழிப் பிரட்டலில் மிச்சமிருந்ததைத் தின்றேன்.

கரைக்கு வந்ததும்தான் வினை. லோரிக்காரர் வண்டியை மூக்கை உள்ளே விட்டு நிறுத்துவாரா? பின்பக்கமாக ஏற்றித்தான் நிறுத்துவார். விசையை வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"கோஸ்தான் எங்க?"

பின்னால் எடுப்பதைத்தான் இங்கே எல்லோரும் கோஸ்தான் என்பார்கள். "கோஸ்தான் இல்லைங்க. பாய் சொன்னாரு" என்றேன்.

"பிரேக்கு?"

"அதும் இல்ல."

அவர் முழுசாக என் பக்கம் திரும்பினார். "பிரேக்கும் இல்ல, கோஸ்தானும் இல்ல, ஹாரனும் இல்ல. கொரங்கு கடிச்ச ரிமோட்டு வேற. ஒன்ன எவன் இப்படி ஏமாத்துனான்? ஒரு வண்டி வாங்குறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? லைன் லீடராம் லைன் லீடர்!"

"கேட்டா நீங்க என்ன சொல்லிக் கிழிச்சிருப்பீங்க? ம்னுதான சொல்லுவீங்க!"

"நான் எப்ப ம்னேன்?"

"இப்ப இல்ல. இத்தன மாசமா!"

பெரியவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நைசாக நகர்ந்துபோனார். நாங்கள் விட்டோமா? குட்டைக் கரையில் நின்றுகொண்டு, உப்பு, செருப்பு, பழைய துவைக்கிற மெஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டோம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.

கிளம்பும்போது வழக்கம்போல் படகை முன் சீட்டில் படுக்க வைக்கப் போனேன்.

"அத பின்னாடி போடு" என்றார்.

"பின்னாடி பத்தாதுங்க."

"கதவோரமா சாச்சு வையி, பத்தும். முப்பது வருஷமா சாமான் ஏத்துனவன் சொல்றேன்." பத்தியது. அவர் முன்கதவைத் திறந்தார். சாய்ந்து கிடந்த சீட்டை நிமிர்த்தினார், சேற்றுச் செருப்போடு ஏறி உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார். நான் ஒன்றுமே நடக்காத மாதிரி சாவியைத் திருகினேன். செம்பனைக் காட்டைத் தாண்டித் தார்ரோட்டுக்கு வந்தோம்.

"கிளட்ச்ச விடு" என்றார். விட்டேன். "கண்ணாடியப் பாரு." பார்த்தேன். "மூணு போடு."

போடவில்லை.

"மூணு போடுங்கிறேன். இஞ்சின் கத்துறது காதுல விழல? ஒனக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா? மூணு, மூணு!"

எத்தனையோ வருஷமாகக் கியர் கார் ஓட்டுகிறவள் நான். மூன்றாவது கியர் எப்போது போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கார் கத்தியது, அவர் கத்தினார், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். புக்கிட் செந்தோசா சிக்னல் வரைக்கும் நான் ரெண்டிலேயே ஓட்டினேன்.